புது வாடிக்கையாளர்

பால் பண்ணைகளுக்குச் சோதனைக் கருவிகள் விற்கும் கம்பெனியில் தமயந்தி கள விஞ்ஞானி. வாடிக்கையாளரிடம் அவள் எதற்கு ஒப்புக்கொண்டாலும், சட்டையில் குத்தியிருக்கும் கம்பெனி வில்லை பேச்சைக் கேட்டு அதை அவளுடைய நாள் திட்டத்தில் ஏற்றிவிடும். பிறகு தப்பவே முடியாது. கோபி ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் கிடா விருந்துக்கு அழைத்தபோது, பேச்சுக்குத்தான் "கண்டிப்பா வர்றனுங்க" என்றாள். ஞாயிறு காலையில் வில்லை வாசலுக்கே வண்டியை வரவழைத்துவிட்டது.

விருந்து முடிந்து வந்தவளிடம் கணவன் பிரபாகரன் கேட்டான்: "அடுத்த ஞாயிறு கொடிவேரி அணைக்குப் போலாமா? மீன் வறுவல் சாப்பிடலாம்."

"கண்டிப்பா" என்றாள். அவனுக்கு எப்போதும் இதே பதில்தான், போனதுதான் இல்லை.

வில்லை பேசியது: "திட்டத்தில் சேர்த்தாயிற்று."

"ஏனுங்க, உங்ககிட்டச் சொன்னத எதுக்கு இது சேர்க்குது?"

பிரபாகரன் சிரித்தான். "காலையில உங்க கம்பெனியில ஒரு சோதனைக் குப்பி வாங்கிட்டேன். இனி நானும் வாடிக்கையாளர்தான்."