பனியில் ஒற்றைக் காலடித் தடம்

“என் பையை எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

அலமாரியின் மேல் தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னாலிருந்து பயணப் பையை இழுத்துக் கீழே போட்டாள் பதினாலு வயசு மகள். நாளைக்குப் பள்ளியில் சுற்றுலா.

சித்தி தலை குனிந்து நின்றாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது.

“சின்னப் பிள்ளை பையை நீ ஏன் எடுத்தே?” அப்பா அதட்டினார்.

“அந்தப் படத்தைப் பார்த்ததிலேருந்து எனக்கு மனசே சரியில்லைங்க.”

மகளின் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது படம். அவளே வரைந்தது. எங்கு பார்த்தாலும் பனி. இலையில்லாத மரங்கள். கதவு திறந்து கிடக்கும் ஒரு சின்ன வீடு. வாசலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஆளின் காலடித் தடம்.

“நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில எந்த டாக்டர் கிறுக்கினாலும் படிச்சுடுவேன். இது ஒரு வாரமாப் பிடிபடல,” என்றாள் சித்தி. “கதவைக்கூடச் சாத்தாம யாரோ வீட்டை விட்டுப் போறாங்கன்னு மட்டும் தோணுது.”

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பனியை நான் ஃப்ரிட்ஜுக்குள்ளதான் பார்த்திருக்கேன். ஆனா நீ சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரியுது.” மகள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உனக்கு இங்க என்ன குறை?”

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் ஓடிப் போயிடுவேன்னா பையை ஒளிச்சீங்க? என்கிட்டயே கேட்டிருக்கலாமே?”

“பயமா இருந்துச்சு. ‘உங்களாலதான் போறேன்’னு சொல்லிட்டா?” என்றாள் சித்தி.

மகள் படத்தைப் பிய்த்தெடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“ஷூ தடத்தை நல்லாப் பாருங்க. குதிகால் எந்தப் பக்கம் இருக்கு?”

சித்தி ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“காட்டுப் பக்கம்.”

“முன்பாதம்?”

“வீட்டைப் பார்த்து...” சித்தி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “அப்ப யாரும் போகலையா? யாரோ உள்ள வர்றாங்களா? யாரு?”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பைக்குள் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

“நீங்கதான். எட்டு மாசமா விருந்தாளி மாதிரியே இருக்கீங்க. உள்ள வாங்கன்னு வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சு... அதான் வரைஞ்சேன்.”