ரிப்பனுக்குப் பின்னால் மோர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வெயில் இருந்ததாம். அதற்கு இரண்டு கட்சி இருந்ததாம்.

ஊர், ஒரகடம். ஷிப்ட் முடிந்து மஞ்சுளாவும் பாஞ்சாலியும் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சியின் நீர்மோர்ப் பந்தல். அந்தப் பக்கம் எதிர்க்கட்சியின் பந்தல். இரண்டிலும் மைக்.

"வெயில் ஏறிப்போச்சுன்றது சுத்தப் பொய்!" இந்தப் பக்கம் கிளைச் செயலாளர் எல்லப்பன். "எதிர்க்கட்சி கிளப்பிவுட்ட புரளி. அம்பது வருஷத்துக்கு முன்னாடியும் இதே வெயில்தான். பேப்பர் கட்டிங்கே கீது, ஏரியா குரூப்புல பாருங்க!"

பாஞ்சாலி போனைப் பார்த்தாள். "அம்பது வருஷத்துப் பேப்பர்ல செல் நம்பர் எப்டி மஞ்சு அச்சாச்சு?"

"இவனுங்க ஆட்சிக்கு வந்த அன்னிக்கு ஏறின வெயில்!" அந்தப் பக்கம் நம்பிராஜன். "நாங்க வந்தா மறுநாளே எறங்கும்!"

பாஞ்சாலி பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா! இன்னா பண்ணுது?"

"கண்ணு இருட்டிக்கினு வருது..."

மஞ்சுளா எல்லப்பனின் பந்தலுக்கு ஓடினாள். "அண்ணா, ஒரு டம்ளர் மோர் குடுங்க. அக்கா மயங்கிடும் போலக்கீது."

பானைகளுக்கு முன்னால் கட்சி நிறத்தில் ரிப்பன்.

"தலைவர் வந்து வெட்டணும்மா. அப்பாலதான் மோர்."

"எப்ப வருவாரு?"

"வந்துகினே கீறாரு."

சாலையைத் தாண்டி ஓடினாள்.

"எங்க தலைவரும் வரணும்மா," என்றார் நம்பிராஜன். "அதுக்குள்ள அந்தம்மாவ ஒரு போட்டோ எடுத்துக்கவா? 'இவர்கள் ஆட்சியில் மயங்கிய பெண்'னு போட்டுடலாம்."

மஞ்சுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, ரிப்பனை இரண்டு கையாலும் இழுத்து அறுத்தாள். பானைக்குள் சொம்பை விட்டாள்.

"ஏய்! தலைவர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"புரளி அடிச்சு ஒரு பொம்பள வுழுந்துட்டான்னு சொல்லுங்க!"

வாய் வாயாகக் குடித்த பாஞ்சாலிக்கு மெல்ல முகம் தெளிந்தது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பானையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எல்லப்பனின் போன் அடித்தது. "சொல்லுங்க தலைவரே... ஆங்... சரிங்க..."

மைக்கை அணைத்தார்.

"இன்னாண்ணா, எங்க வந்துகினு கீறாராம்?" மஞ்சுளா விடவில்லை.

"படப்பை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாராம்."

"ஏனாம்?"

எல்லப்பன் எதிர்ப் பந்தலை ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கியது.

"வெயில் தாங்கலியாம்."

சொல்லிவிட்டு, கட்சித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.