நகராத புள்ளி

"பாருங்க, இன்னிக்கும் அதே இடம்! அசையறாளா பாருங்க!"

மேற்பார்வையாளர் அம்மாள் தம் கைக்கணினியை ஜீப் ஓட்டுநரின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் வட்டாரத்தின் வரைபடம். ஊர் ஊராக நடக்கும் சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. அவரவர் கைபேசி போகுமிடமெல்லாம் புள்ளியும் போகும். பிற்பகல் மயக்கத்தில் அவை மின்மினிகளாய் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தவிர.

அது மட்டும் ஏரிக்கரைக் கடைசி வீட்டில் அடங்கிக் கிடந்தது.

"சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்திருப்பாங்கம்மா."

"தினமுமா? காலையில போய் விழுந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கறா. அப்புறம் எல்லா வீட்டுப் பதிவும் மொத்தமா வந்து கொட்டுது. ஒரு வீட்டுப் படியையும் மிதிக்காம எழுதறா! இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சு வேலையை விட்டே அனுப்பறேன்."

"தூங்கறது புள்ளியா ஆளான்னு பார்த்துட்டு அனுப்புங்கம்மா. நம்ம புள்ளியையும் மேலதிகாரி பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்."

"வண்டியை ஓட்டுப்பா. வாயை ஓட்டாதே."

கரை நெடுகக் கோரைகள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன. வானம் ஏரிக்குள் இறங்கிப் படுத்திருந்தது. காற்றுக்கும்கூடக் கண்ணைச் சுழற்றும் வேளை.

கதவு ஒருக்களித்திருந்தது. அம்மாள் ஓசைப்படாமல் உள்ளே நுழைந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில், நிறைமாத வயிறோடு ஒரு பெண் ஒருக்களித்து உறங்கிக்கொண்டிருந்தாள். தலையணையில், அவள் காதருகே, பணியாளரின் கைபேசி. அதிலிருந்து ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. எங்கோ மண்ணுக்கு அடியில் ஒரு சின்னக் குதிரை ஓயாமல் ஓடுவது போல.

பணியாளரைக் காணோம்.

அந்த ஓசையில் அம்மாளுக்கே ஒரு கணம் இமை கனத்தது. சட்டென்று தம்மை உதறிக்கொண்டார்.

பெண் கண் விழித்தாள். "யாரு... அக்காவா?"

"உங்க அக்கா எங்கே?"

"வீடு வீடா பார்க்கப் போயிருக்காங்க. சாயங்காலம் வருவாங்க."

"போனை விட்டுட்டா?"

"எனக்காகத்தான் மேடம். முன்னாடி ரெண்டு வாட்டி தங்கல. இந்தத் தடவை எழுந்து நடமாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் படகுல போனா இருட்டினாத்தான் திரும்புவார். இருக்கற ஒரே போனும் அவரோட போயிடும். தனியா கிடந்து பயந்தே செத்தேன். அக்காதான் தினம் காலையில வயித்துல கருவியை வெச்சுப் பார்த்து, குழந்தையோட துடிப்பை இதுல பிடிச்சுக் கொடுப்பாங்க. 'பயமா இருந்தா இதைக் கேளு. வலி வந்தாலோ அசைவு குறைஞ்சாலோ இந்தப் பொத்தானை அழுத்து, ஆம்புலன்ஸ் வந்துடும்'னு சொல்லிட்டுப் போவாங்க. இதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

வரைபடம் கைபேசி இருக்கும் இடத்தைக் காட்டும். மனிதர் இருக்கும் இடத்தைக் காட்ட அதற்குக் கண் ஏது?

வாசலில் மூச்சிரைப்பு. முழங்கால் வரை புழுதியோடு பணியாளர் நின்றிருந்தாள். ஜீப்பைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"போனை அடுத்தவங்க கையில கொடுத்தா வேலை போயிடும்னு நீங்கதானே மேடம் உத்தரவு போட்டீங்க?"

"பதிவெல்லாம்?"

"மனசுல வாங்கிட்டு வந்து சாயங்காலம் ஏத்திடுவேன்."

"சரி, போற வீட்டுல யாருக்காவது சட்டுனு டாக்டரைக் கூப்பிட வேண்டி வந்தா? அப்ப உன் கையில என்ன இருக்கும்?"

பணியாளர் தலை குனிந்தாள். "அதுதான் மேடம் எனக்கும் உறுத்துது. இருக்கறது ஒரே போன். இங்கே பார்த்தா இவ, அங்கே பார்த்தா ஊரே இருக்கு. நான் என்னதான் செய்ய?"

"போனை எடு."

"மேடம்..."

"எடுன்னா எடு. உன் போன் உன் கையிலதான் இருக்கணும். சட்டம்னா சட்டம்."

பணியாளர் தலையணையிலிருந்து கைபேசியை எடுத்தாள். குதிரையின் ஓட்டம் நின்றுபோனது. படுத்திருந்தவளின் கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு தலையணைக்கு இறங்கியது.

"நீ வெளியே போய் ஜீப்ல உக்காரு. நான் வரேன்," என்றார் அம்மாள்.

அவர் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. வந்தவரின் முகத்தைப் பார்த்த ஓட்டுநர், வாயை ஓட்டாமல் வண்டியை மட்டும் ஓட்டினார்.

மறுநாளும் அதே பிற்பகல் மயக்கம். ஜீப் வேறொரு ஊரின் வயல்வெளியில் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநரின் கைபேசி அலறியது.

"அம்மா, மேலதிகாரி. உங்களைத்தான் கேட்கறார். எரிஞ்சு விழறார்."

அம்மாள் வாங்கிக் காதில் வைத்தார்.

"என்னம்மா இது? காலையிலேர்ந்து உங்க புள்ளி ஏரிக்கரை வீட்டுல அசையாம கிடக்கு. கூப்பிட்டா எடுக்கறதும் இல்லை. தூக்கமா?"

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே, தொலைவில் மின்னிய ஏரியைப் பார்த்தார். பக்கத்தில் யாரோ உறங்குவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆமா சார், நல்ல தூக்கம். தயவுசெஞ்சு எழுப்பிடாதீங்க."