பதிலாள்

அப்பா வெளியே தாழ்ப்பாள் போட்டதும், பெரியவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். குளியலறையில் உட்கார வேறு இடம் இல்லை.

தப்பு செய்தது அவள் இல்லை. சின்னவள்.

தூக்காதே, தூக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கால் இடறியது. குழந்தையின் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இரண்டு வீட்டிலும் மூச்சு வந்தது.

அப்பா இறையியல் கல்லூரியில் ஆசிரியர். கை ஓங்கிப் பழக்கமில்லாதவர்.

"மன்னிக்கலாம். ஆனா தப்புக்குத் தண்டனைன்னு ஒண்ணு இருக்கு. அதை யாராவது அனுபவிச்சுத்தான் ஆகணும்," என்றார், குளியலறைக் கதவைக் காட்டி.

சின்னவள் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் போறேம்ப்பா," என்று பெரியவள் சொல்லிவிட்டாள்.

அப்பா அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வருடக்கணக்காக வகுப்பில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பது தன் வீட்டிலேயே, தன் மகளிடமே நடக்கிறதே என்ற பூரிப்பு. கலங்கிய கண்ணோடுதான் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஈர வாடை. விளக்கின் சுவிட்ச் வெளியே இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்தால் கேள்வி கேட்காமல் திறந்துவிடுவாள்.

அம்மாவுக்கு முன்னால் பெரியப்பா வந்தார். அவர் சபை போதகர், இளகிய மனசுக்காரர். நடந்ததை அப்பா பெருமையாகச் சொல்வது கேட்டது. இப்போது திறக்கச் சொல்வார் என்று பெரியவள் எழுந்து நின்றாள்.

"அப்ப யார் மாட்டினாலும் கடவுளுக்குப் போதும்ங்கிறியா?" என்றார் பெரியப்பா. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

சாத்தானிடம் அடிமைப்பட்டவர்களை மீட்கக் கொடுத்த விலைதான் சிலுவை என்றார் பெரியப்பா. கடவுள் போய்ச் சாத்தானிடம் விலை பேசினாரா, நன்றாக இருக்கிறதே என்றார் அப்பா. நமக்கு விழ வேண்டிய அடி சிலுவையில் தொங்கியவர்மேல் விழுந்தது, நீதி தீர்ந்தது, கணக்கு அவ்வளவுதான் என்றார். சரி, விலையை விடு, அடியையும் விடு, அந்த அன்பைப் பார்த்து நம் கல்மனசு கரையட்டும் என்றுதான் அவர் செத்தார் என்று பெரியப்பா வழி மாறினார். மனசு கரைந்தால் மட்டும் ஆயிற்றா, நீதி எங்கே போகும் என்று அப்பா மேசையைத் தட்டினார். வசனங்கள் அங்கும் இங்கும் பறந்தன. அப்பாவே டீ போட்டார்; டம்ளர்கள் வைக்கப்பட்டன, எடுக்கப்பட்டன.

உள்ளே ஒருத்தி இருப்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

அவளுக்குக் கால் மரத்துவிட்டது. கதவைத் தட்டலாம். தட்டினால் திறப்பார்கள். அப்புறம் யார் உள்ளே போவது? ஓங்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சின்னவள்மேல் முதல்முறையாக எரிச்சல் வந்தது. வந்ததே என்று அழுகையும் வந்தது.

கதவடியில், வெளிச்சக் கீற்றின் நடுவே, இரண்டு சின்னப் பாதங்களின் நிழல் தெரிந்தது. அது போகவும் இல்லை, பேசவும் இல்லை.

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே நின்றார்கள். யார் சொன்னது எடுபட்டது என்று முகத்தில் தெரியவில்லை.

அப்பா வெளியே வந்த பெரியவளின் தலையைத் தடவிவிட்டு, சின்னவளிடம் குனிந்தார். "உனக்காக அக்கா எல்லாத்தையும் அனுபவிச்சுட்டா. இனி உன்மேல ஒரு தப்பும் இல்ல."

சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை ஒட்டினாற்போலக் குளியலறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். உள்தாழ்ப்பாள் விழுந்தது.

பெரியப்பா கண்ணே, ராஜாத்தி என்று கெஞ்சினார். பெரியவள், "எனக்கு ஒண்ணும் ஆகலடி, வாடி," என்றாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. வெளிய வா," என்றார் அப்பா. நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது.

"எனக்கு இன்னும் முடியலப்பா."