நான்காவது கோப்பு

“என் பேரு எதுக்கு மதினி ஒங்க போன்ல?”

பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தன் பாண்டீஸ்வரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினான். சண்டையில் நடுவே வேலி போட்ட பிறகு அவன் அவளிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

ஹேமாவதி நிமிரவில்லை. திராட்சை எடுக்க வந்த கம்பெனி ஆள் ஸ்டீவனிடம் நோட்பேட் கோப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். கொடி வெட்டும் கவாத்து, மருந்து, மழை என மூன்று. நாளுக்கு ஒரு வரி. படமில்லை, வெறும் எழுத்து. நான்காவது கோப்பின் பெயர் பாண்டி.

“வேவு பாக்குறீகளா?”

“நீங்க அடிக்கிற மருந்து காத்துல என் பந்தலுக்குத்தான வருது கொழுந்தனாரே. எழுத வேணாமா?”

ஸ்டீவன் தலையாட்டினான். “ஒங்க பழத்த இப்பவே வெட்டலாம்க்கா. அண்ணே, ஒங்க மருந்துப் பதிவு?”

“நம்மகிட்ட ஆப் இருக்கு. கலர் கலராக் கோடு வரும். மளிகைச் சீட்டெல்லாம் இல்ல.”

ஆப் ஓடிபி கேட்டது. ஓடிபி, போன மாதம் தொலைந்த சிம்முக்குப் போனது. மூன்று முறை போனது.

“கடைசி மருந்து என்னைக்கு அடிச்சீக?”

“இருபது நாளிருக்கும்.”

“இருக்கும்னு எழுத முடியாதுண்ணே. பதிவு இல்லாட்டி பழம் எடுக்க மாட்டோம்.”

மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. ஒரு மழை போதும், பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாக வெடித்துவிடும். பாண்டீஸ்வரன் பந்தலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஹேமாவதி நான்காவது கோப்பைத் திறந்தாள்.

“எழுதிக்கங்க தம்பி. மே அஞ்சு, சாம்பல் நோய் மருந்து. மே பதினாலு, பூச்சி மருந்து...”

“மருந்துப் பேரெல்லாம் எப்படித் தெரியும் மதினி?”

“காலி டப்பாவ என் வரப்புலதான எறியிறீக?”

ஸ்டீவன் சிரித்துவிட்டான். பாண்டீஸ்வரன் மோட்டார் அறைக்கு ஓடி, மருந்துக்கடை ரசீதுகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பதினோரு வரியும் பொருந்தியது. கடைசி மருந்து அடித்து இருபத்தாறு நாள்; வெட்டுமுன் காத்திருக்க வேண்டிய கெடு தாண்டியிருந்தது.

“ஒங்களுதும் வெட்டலாம்ணே.”

பாண்டீஸ்வரன் தோள் துண்டை மேலே வீசினான். அது பந்தலில் மாட்டிக்கொண்டது. “ஏலே, ஆளுகளக் கூட்டிட்டு வாங்கலே! எங்க மதினி எழுதி வச்சிருக்காகலே!” அனுமந்தன்பட்டிக்கே கேட்கும்படி போனில் கத்தினான்.

ஹேமாவதி கோப்பின் தலைப்பக்கம் போனாள். ‘வக்கீலிடம் கொடுக்க’ என்றிருந்த முதல் வரியை அழித்தாள்.