தொட்டியில் எறும்பு

மரத்தூளைச் சர்க்கரையாக்க வேண்டிய கறுப்பு வினையூக்கித் தூள் இன்றும் கைவிட்டது. வடித்த நீரில் சர்க்கரை மருந்துக்கும் இல்லை. ஆய்வாளர் வடிகட்டியில் மிஞ்சிய சக்கையை வழக்கம்போல் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

"நாளைக்கு ஆய்வகத்தை மூட வர்றாங்க. இனி நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்."

கூடவே வேலை செய்யும் மனைவி தொட்டியில் தூவ எறும்புப் பொடியை எடுத்தாள்.

அவர் எரிந்து விழுந்தார். "தொட்டி பூரா எறும்பு. டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் திருட்டுத்தனமா மிட்டாய் திங்கிறியா?"

"இனிப்பைத் தொட்டே வருஷமாச்சு. அந்தத் தொட்டியில உங்க சக்கையைத் தவிர வேற என்ன விழுது?"

அவர் ஈரச் சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். இனித்தது. சர்க்கரையைத் தண்ணீரில் விடாமல் கறுப்புத்தூளே இறுக்கிப் பிடித்திருந்தது.

அவள் கையிலிருந்த பொடியைப் பிடுங்கினார். "தூவாதே. நாளைக்கு வர்றவங்க முதல்ல இந்த எறும்பைப் பார்க்கட்டும்."