சகலை ஆயில் மாற்றுகிறான்

காலை வெயிலில் மாமனாரின் கார் பளபளக்கிறது. என் சகலை போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முதல்முறையாக எஞ்சின் ஆயில் மாற்றுகிறான். அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றி வைத்தாயிற்று. கறுப்பு எண்ணெய் முழுவதும் தட்டில் வடிந்துவிட்டது. கை துடைக்க மாமனாரே துணியை நீட்டுகிறார். பெரிய மாப்பிள்ளையான எனக்குப் பத்து வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டியதில்லை. "சின்ன மாப்பிள்ளை கை வெச்சா எதுவும் துலங்கும்" என்கிறார். "நீங்களும் பாத்துக் கத்துக்கலாம்ல?" என்று என் மனைவி வேறு இடிக்கிறாள். சகலை மேல்மூடியைத் திறந்து, தேன் நிறப் புது எண்ணெயைச் சாய்க்கிறான். அடியில் திரும்ப மாட்டவேண்டிய போல்ட் இன்னும் என் காலடியில்தான் கிடக்கிறது. "தாராளமா ஊத்துங்க, சகலை" என்று சொல்லிக்கொண்டே, அதைச் செருப்பால் மூடுகிறேன்.